முஸம்மிலின் எடை

அலவியாவை அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும். அவள் முகம்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு மருந்து கலக்கும் அறைக்குள் போனால் வெளியே வரப் பகல் ஒன்றாகிவிடும். உள்ளே தலைக்கு ஒரு மூடி, வாய்க்கு இரண்டு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முதுகுப் பக்கம் கட்டிக்கொள்ளும் நீள அங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை. நிற்பது ஆணா பெண்ணா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. ‘கண்ணாடிக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஓம்துர்மான் ஊர்க்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கக் கற்றுத் தர வேண்டுமா என்ன?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அவள் கலக்குவதோ அளவோடு இருந்தாலும் நஞ்சுதான். புற்றுநோய்க்காரர்களின் நரம்பில் ஏற்றும் மருந்து. கையுறையில் ஒரு துளி சிந்தினால் அந்தக் கையுறை குப்பைக்கு. தரையில் சிந்தினால் அறையே அரை நாள் மூடிக் கிடக்கும். அதே மருந்தில் வெளியிலிருந்து ஒரு கிருமி விழுந்துவிட்டால், எதிர்ப்புச் சக்தி எல்லாம் வற்றிப்போன நோயாளி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடுவான். ஆகவே கிருமி உள்ளே வரக்கூடாது, மருந்து வெளியே போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் முன்பக்கம் கண்ணாடி போட்ட, காற்றை உறிஞ்சிக்கொள்ளும் இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் இரண்டு கையையும் விட்டபடி இவள். பதினோரு வருடமாக இதே கதைதான்.

பத்தரை மணிக்கு எங்கள் ஊரில் வேலை நிற்கும். அரசாங்க அலுவலகமானாலும் ஆட்டுச் சந்தையானாலும் சரி, ஃபூல் வந்துவிட்டால் பேனா கீழே. மசித்த மொச்சையில் நல்லெண்ணெய் ஊற்றி, வெங்காயமும் பாலாடைக்கட்டியும் தூவி, ஒரே பெரிய தாம்பாளம். சுற்றிப் பத்துப் பேர். பத்துக் கையும் ஒரே தட்டில். அந்தத் தட்டில் கை வைக்காதவன் கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். மருந்தகத்து ஆட்கள் அலவியாவின் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவார்கள். அவள் வரும்போது எண்ணெய் உறைந்து, ரொட்டி விறைத்துப்போயிருக்கும். அதை அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகத் தின்பாள். யாருக்காவது வயிற்றில் பிள்ளை என்றால், அலவியா உட்கார்ந்து எழுந்த நாற்காலியில்கூட உட்கார மாட்டார்கள். “தப்பா நெனைக்காதக்கா, உன் கையில அந்த விஷம் இருக்குமோன்னு...” என்று இழுப்பார்கள். அவளைவிட நன்றாகக் கை கழுவுகிறவள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவள் கண்ணில் மை கிடையாது. மைத்தூள் உதிரும், உள்ளே ஆகாது. அத்தர் ஆகாது, சந்தன எண்ணெய் ஆகாது, எங்கள் பெண்கள் உடம்புக்கு ஏற்றிக்கொள்ளும் வாசனைக் கட்டைப்புகை அறவே ஆகாது. மருதாணி மட்டும் இட்டுக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கையிலும் காலிலும் கறுக்கக் கறுக்க மருதாணி என்றால் அது புருஷன் உள்ளவள் பகட்டு. இவள் யாருக்காக இட்டுக்கொள்வாள்? கல்யாண வீடுகளுக்கு மொட்டைக் கண்ணும் வெறுங்கையுமாகப் போய், துக்கத்துக்கு வந்தவள்போல ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். பிறகு போவதையும் குறைத்துக்கொண்டாள். கூப்பிடுவதை அவர்களும் குறைத்துக்கொண்டார்கள்.

புருஷன் இல்லாமலில்லை, இருந்தான். அப்துல்பாகி. அந்தக் காலத்தில் கண்ணாடி அறையும் இல்லை, இரும்புப் பெட்டியும் இல்லை. பழைய கட்டடத்தில் சன்னலோரம் ஒரு மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, ஒரு ஜோடிக் கையுறை, அதுவும் வந்திருந்தால். குப்பிக்குள் ஊசியைச் செருகிக் காற்றை அழுத்தினால் நுனியில் மருந்து புஸ்ஸென்று சிவப்பாகத் தெறிக்கும். துணியால் துடைத்துவிட்டு அதே மேசையில் டீ குடிப்பார்கள். அந்த நான்கு வருடத்தில் அலவியாவுக்கு இரண்டு தடவை கரு தங்கியது. இரண்டு தடவையும் கலைந்தது. கண்ணேறு என்றாள் மாமியார். அப்துல்பாகி கடல் கடந்து தம்மாமுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டினான், இவளைத் தள்ளிவைத்துவிட்டதை ஆள் மூலம் சொல்லியனுப்பினான். மூன்று வருடம் கழித்துப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு பெண், இந்த மருந்துகளின் ஆவி கர்ப்பத்தைக் கலைக்கும் என்று பாடத்தோடு பாடமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அன்றைக்கு அலவியா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொண்டை வற்றும் வரை அழுதாள். அதனால்தான் கலைந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

அதிலிருந்து விதி என்றால் விதிதான். கையுறையை அரை மணிக்கொரு தடவை மாற்றுவாள். குப்பிக்குள் காற்றை அழுத்த மாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித்தான் எடுப்பாள். ஊசியில் ஏற்றிய அளவைக் கண்ணாடியருகே தூக்கிப் பிடித்து, வெளியே நிற்கும் மருந்தாளர் ரபாப் பார்த்துத் தலையாட்டினால்தான் பைக்குள் விடுவாள். அன்றைய முதல் பையானாலும் சரி, முப்பதாவது பையானாலும் சரி.

நோயாளி ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அவளிடம் வருவது காகிதம். சுவரில் இரண்டு கதவு வைத்த சின்னப் பொந்து ஒன்று உண்டு; வெளிக்கதவு திறந்தால் உள்கதவு மூடியிருக்கும். அதன் வழியாகக் காகிதம் வரும், மருந்துப் பை போகும். பெயர், வயது, உயரம், எடை, மருந்து, அளவு. மனிதர்கள் அவளுக்கு அவ்வளவுதான். எடை ஏறினால் அவளுக்கு அன்றைக்கு நல்ல நாள். இறங்கினால் மனம் சங்கடப்படும். காகிதம் வராமலே போனால் ஏன் என்று கேட்க மாட்டாள்.

முஸம்மில் காகிதமாகத்தான் வந்தான். ஐந்து வயது, நஹூது ஊர், சிறுநீரகத்தில் கட்டி. அறுத்தெடுத்தாயிற்று, மிச்சத்துக்கு மருந்து. பதினைந்து கிலோ நானூறு. அவனுக்கு எழுதியது அந்தச் சிவப்பு மருந்து. அது கட்டியையும் தின்னும், இதயத்தையும் கொஞ்சம் கொறிக்கும். ஒரு மனிதனுக்கு ஆயுசு முழுவதுக்குமாக இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வரம்பு. குழந்தைகளுக்கு எடை பார்த்து, துளி துளியாக அளந்துதான் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பதினைந்து தொள்ளாயிரம் என்று வந்தது. அடுத்தது பதினாறு எண்ணூறு. அலவியாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். குண்டுக் கன்னமும் தொப்பையுமாக ஒரு பையனை மனத்தில் வைத்துக்கொண்டாள். தன் பிள்ளைகளில் ஒன்று தங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தக் கணக்கில் இவனையும் சேர்த்துக்கொண்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

நான்காவது காகிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பதினேழு அறுநூறு. சிரித்துக்கொண்டே குப்பியை எடுக்கப் போனவள் காகிதத்தின் அடியில் இருந்த வரியைப் படித்தாள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் மருந்து, வாந்திக்கு ஊசி இரட்டிப்பு. போன தடவையும் அதே வரி இருந்தது ஞாபகம் வந்தது. எடை ஏறிய சந்தோஷத்தில் அதைப் படித்தும் படிக்காமல் விட்டிருக்கிறாள். குப்பியைத் திரும்ப வைத்துவிட்டு முழங்கையால் அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். மறுமுனையில் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் ஹுஸ்னா.

“ஹுஸ்னா, முஸம்மில் எடையை இன்னொருக்கா பாரு.”

“இப்பதான பார்த்தேன். பதினேழு அறுநூறு. தராசு என்ன என் சித்தி மகளா, எனக்காகப் பொய் சொல்ல?”

“வாயெல்லாம் புண்ணுன்னு நீதான எழுதியிருக்க? கஞ்சி எறங்காத புள்ளைக்கு மூணு வாரத்துல எண்ணூறு கிராம் எங்கேருந்து வரும்?”

“அல்லா குடுக்குறான். புள்ள தேறுனா உனக்கென்ன வயித்தெரிச்சல்?”

கண்ணாடிக்கு வெளியே ரபாப் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். “அலவியா, டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. கணக்கை நானும் ரெண்டு தடவ போட்டுட்டேன், சரியா இருக்கு. நாம சமையக்காரிங்க மாதிரி. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதைப் போட்டுட்டுப் போவோம்.”

“சமையக்காரியும் உப்புப் பார்ப்பா” என்றாள் அலவியா.

வெளியே போவது என்பது சும்மா கதவைத் திறந்துகொண்டு போவதில்லை. மேல் கையுறையைப் பெட்டிக்குள்ளேயே கழற்ற வேண்டும். அங்கியை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி மஞ்சள் பையில் கட்ட வேண்டும். பிறகு மூடிகள், பிறகு உள் கையுறை, பிறகு முழங்கை வரை கழுவல். அந்த வாரம் மிச்சமிருந்தது, அவள் போட்டிருந்ததையும் சேர்த்து, மூன்றே அங்கி. ஒன்றைக் கழற்றி எறிந்தால் வியாழக்கிழமைக்குக் கிடையாது. ரபாப் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “பைத்தியமா உனக்கு?” என்று கத்தினாள். அலவியா சுருட்டிக் கட்டினாள்.

குழந்தைகள் வார்டு மாடியில்தான் இருக்கிறது. அந்தப் படிகளில் அவள் கடைசியாக எப்போது ஏறினாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை. கட்டிலுக்கு மூன்று பேர், ஒரே பேச்சு. தரையில் சின்ன அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது, இஞ்சி வாசனை. “முஸம்மில் யாரு?” என்று கேட்டபோது ஒரு கிழவர் விரலை நீட்டினார். குண்டுக் கன்னப் பையன் அங்கே இல்லை. கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கிக்குள் ஈர்க்குச்சிக் கழுத்தும் பெரிய தலையுமாக ஒன்று உட்கார்ந்து, ஐஸ்துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தது. கழுத்திலும் புஜத்திலும் தோல் தாயத்துகள். இடுப்பில் துணிக்கடியில் இன்னும் ஒரு வரிசை துருத்திக்கொண்டிருந்தது. இந்த உடம்புக்கா பதினாறு எண்ணூறுக்கு அளந்து கொடுத்தேன்?

“நீ யாரு?” என்றான் பையன், ஐஸைக் கன்னம் மாற்றி.

“நான் உள்ள இருக்கறவ.”

“எதுக்குள்ள?”

பதில் சொல்வதற்குள் அவன் தாய் ஷாமா எழுந்து நடுவில் வந்து நின்றாள். நெட்டைப் பெண், சாயம் போன நீலத் துணியைத் தலையோடு சுற்றியிருந்தாள். “எதுக்கு எம்புள்ளைய அப்பிடி முழுங்கற மாதிரி பாக்குற?”

“உம்மு முஸம்மில்,” என்றாள் அலவியா, தாயைப் பிள்ளை பெயர் சேர்த்து மரியாதையாக, “எடை இன்னொரு தடவ பாக்கணும். தாயத்தெல்லாம் கழட்டிட்டு.”

ஹுஸ்னா ஓடி வந்தாள். “ஏ பொண்ணே, வேதவசனத்தைப் புள்ள மேலேருந்து கழட்டச் சொல்றியா? இந்த வார்டுல இருபது வருசமா எந்தப் புள்ள தாயத்தையும் நான் தொட்டதில்ல. இன்னைக்கும் தொட மாட்டேன்.”

அதுதான் விஷயம். எங்கள் ஊர்த் தராசுகளில் குழந்தையை நிறுத்தும்போது செருப்பைக் கழற்றுவோம், குல்லாவைக் கழற்றுவோம். தாயத்தைத் தொடுகிற தைரியம் எந்த நர்ஸுக்கும் கிடையாது. தாயத்துக்குள் காகிதத்தில் நாலு வரி, அது என்ன எடையா?

ஷாமா அலவியாவை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். “கண்ணுல மையில்ல. கையில மருதாணி இல்ல. இவளுக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று ஹுஸ்னாவிடம் கேட்டாள்.

ஹுஸ்னா தரையைப் பார்த்தாள்.

“அதான. எம்புள்ள எடை ஏறுறது இவளுக்குப் பொறுக்கல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க” என்று சொல்லி, தலைத்துணியின் முந்தியை இழுத்துப் பையன் முகத்தை மூடினாள்.

அலவியா விலகாமல் நின்றாள். “நான் தொடல. நீயே கழட்டி உன் நெஞ்சோட வச்சுக்க. வசனம் அவன் பக்கத்துலயே இருக்கட்டும். தராசுக்கு மட்டும் வேணாம். இந்த மருந்து இருக்கற எடைக்குத்தான் குடுக்கணும். இல்லாத எடைக்குக் குடுத்தா நேரா நெஞ்சுல போய் உக்காந்துக்கும். இன்னைக்குத் தெரியாது. பதினஞ்சு வயசுல படி ஏற முடியாம நிப்பான்.”

“கழட்டாட்டி?”

“இன்னைக்கு மருந்து வராது. கலக்கறது நான்தான். இதுவரைக்கும் மூணு தடவையும் நான்தான் கலந்தேன், எம்மா. கூடக் குடுத்துட்டேனோன்னு எனக்கு நெஞ்சு பதறுது. நாலாவது தடவயும் தெரிஞ்சே செய்ய மாட்டேன்.”

ஷாமா குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். கழுத்திலிருந்ததை, புஜத்திலிருந்ததை, கடைசியாக இடுப்பு வாரை. எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டபோது அவள் தோள் ஒரு பக்கம் சரிந்தது. ஹுஸ்னா பையனைத் தூக்கித் தராசில் வைத்தாள். பதினான்கு தொள்ளாயிரம். காகிதமும் தோலும் இரண்டு கிலோ எழுநூறு இருக்காது.

ஷாமாவே சொன்னாள், யாரையும் பார்க்காமல். “அந்தக் கடைசிக் கட்டில் புள்ளைக்கு எடை கொறஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்புனீங்க. தேத்தி எடுத்துட்டு வான்னீங்க. வந்தானா? நான் பாத்துட்டுத்தான இருந்தேன். எங்கண்ணன் லாரிப் பட்டறை வச்சிருக்கான். இரும்பு நட்டு கேட்டு வாங்கித் தாயத்துக்குள்ள நானே வச்சுத் தைச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு கூட.” பிறகு பையனை வாங்கிக்கொண்டு, “ஏறுனா விரட்ட மாட்டீங்கல்ல” என்றாள்.

டாக்டர் வந்தார், திட்டத் தொடங்கினார், தராசைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சிவப்பு மருந்தைத் தள்ளிப் போட்டார். இதயத்தைப் பரிசோதிக்க எழுதினார். அதில் பெரிய கோளாறு இல்லை என்று மறுநாள் தெரிந்தது. ஊருக்கு அனுப்பாமல் வார்டிலேயே வைத்து, புண் ஆறும்வரை நரம்பு வழியாகச் சத்துநீர் ஏற்றச் சொன்னார். அதையும் கிருமி படாமல் கலக்க வேண்டியவள் அலவியாதான். அவள் கீழே இறங்கும்போது ஹுஸ்னா படிவரை வந்தாள்.

“அந்தப் பொம்பள ஒண்ணு சொல்லச் சொன்னா. நீ இனிமே புள்ள பக்கம் வரக்கூடாதாம். கோச்சுக்காத, பட்டிக்காட்டு சனம்.”

“நான் எங்க வரப்போறேன்?” என்றாள் அலவியா.

உடை மாற்றும் இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அறைக்குள் போய் அழ முடியாது. அங்கே முகத்தைத் தொடக்கூடாது, கண்ணீரைத் துடைக்கக் கை கிடையாது. அதனால் சுவரில் சாய்ந்து நின்று முழுதாக அழுது தீர்த்தாள். பதினோரு வருட வேலையில் ஆசையாகப் பார்த்த ஒரே முகம், அதையும் துணி போட்டு மூடிவிட்டார்கள். பிறகு கை கழுவினாள், முழங்கை வரை. இரண்டாவது அங்கியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் முஸம்மிலுக்குச் சத்துநீர் கலந்தாள். அன்றைக்கு அவள் பங்கு ஃபூலை யாரோ தவறுதலாகத் தின்றுவிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சத்துநீருக்கு மட்டும் காகிதம் வந்தது. மூன்றாம் வாரம் சிவப்பு மருந்துக்கான காகிதம் பொந்தில் விழுந்தது. எடை: பதினைந்து முந்நூறு. பக்கத்தில் ஹுஸ்னாவின் கோழிக்கிறுக்கலில், ‘தாயத்து இல்லாமல், தாயே கழற்றினாள்.’ அலவியா முன்பு போலச் சிரிக்கவில்லை. உயரத்தைப் பார்த்தாள், அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அடிவரியை இரண்டு தடவை படித்தாள். வாய்ப்புண் இல்லை. குப்பியைத் துடைக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

“அலவியா, உம்மு முஸம்மில் இங்க என் பக்கத்துல நிக்கிறா” என்றாள் ஹுஸ்னா. “கலக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

“என்ன?”

“நான் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். விட மாட்டேங்கறா. புள்ளைக்கு எடை ஏறியிருக்கில்ல, நெசமாவே... உள்ள இருக்கறவ அந்த நம்பரைப் படிக்கறப்ப ‘மாஷா அல்லாஹ்’ சொல்லிட்டுப் படிக்கணுமாம். வாய்விட்டு. அப்பதான் கண்ணு படாதாம்.”

ரபாப் கண்ணாடிக்கு வெளியே முகம் சுளித்தாள். அலவியாவுக்கும் சுருக்கென்றுதான் தைத்தது. ஷாமாவுக்கு இன்னும் தன் கண்ணைக் கண்டு அவ்வளவு பயம். ஆனால் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வேறொன்றும் உறைத்தது. பதினோரு வருடத்தில் எத்தனையோ தாய்மார்கள் மருந்துப் பையை வாங்கிப் போயிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், தன் பிள்ளையின் எடையைப் படிக்கிறாள் என்று நினைத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டனுப்பியவள் இவள் ஒருத்திதான்.

“மாஷா அல்லாஹ்” என்றாள் அலவியா.

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. “கேக்கலையாம்” என்றாள் ஹுஸ்னா.

அலவியா முழங்கையால் பொத்தானை நன்றாக அழுத்திக்கொண்டு, இரண்டு முகமூடிக்குள்ளிருந்தும் தொண்டை கிழியக் கத்தினாள். “மாஷா அல்லாஹ்! பதினஞ்சு முந்நூறு, மாஷா அல்லாஹ்!”

ஷாமாவின் குரலே நேராக வந்தது, பொத்தானுக்கு மிக அருகில் வாயை வைத்திருக்க வேண்டும், மூச்சுக்கூடக் கேட்டது.

“ம். இப்ப கலக்கு.”